மலை ஏறுறப்போ இடி மின்னல்: பெங்களூர் பக்கம் ட்ரெக் போறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

பெங்களூர்ல இருக்குற நம்ம ஆளுங்க சனி ஞாயிறு வந்தா சாவன்துர்கா, ஸ்கந்தகிரி, சிவகங்கே, மாகளிதுர்கான்னு கெளம்பிடுறோம், லாங் வீக்எண்ட் கெடச்சா குமார பர்வதா, இல்லன்னா பார்டர் தாண்டி பர்வதமலை, வெள்ளியங்கிரி. புதுசா சேர்றவங்க ஷூ பத்தி கேப்பாங்க, தண்ணி எத்தன லிட்டர்னு கேப்பாங்க, அட்டைப்பூச்சிய பத்தி பயந்து பயந்து கேப்பாங்க. மின்னல பத்தி கேக்குறது மட்டும் மேல ஏறி வானம் கறுத்த அப்புறம் தான். அந்த நேரத்துல சொல்றதுக்கு பெருசா எதுவும் மிச்சம் இருக்காது, அதனால முன்னாடியே எழுதி வைக்கிறேன். ஒண்ண மட்டும் மனசுல வெச்சுட்டு படிங்க: மலை மேல மின்னலுக்கு பாதுகாப்பான எடம்னு ஏறக்குறைய எதுவுமே கெடையாது. எப்போ ஏறுறோம், எப்போ திரும்புறோம், இது தான் நம்ம கைல இருக்கு.

நம்ம சுத்தி இருக்குறதெல்லாம் சின்ன மலை தானே, இமயமலையா என்ன, இதுக்கெல்லாம் இவ்ளோ பயப்படணுமா?

சாவன்துர்கா 1,226 மீட்டர் தான், ஆமா. ஆனா மின்னல் கடல் மட்டத்துல இருந்து எவ்ளோ உயரம்னு பாக்குறதில்ல, சுத்தி இருக்குறத விட எது எடுப்பா, தனியா நிக்குதுன்னு தான் கணக்கு. மாகடி பக்கம் ரோட்ல போறப்போ பாத்தீங்கன்னா தெரியும், சுத்தி வயலும் தோப்பும், நடுவுல ஒரே ஒரு மொட்டப் பாறை, அது மேல மரம் மட்ட எதுவும் பெருசா கெடையாது, அந்தப் பாறை உச்சில நீங்க நின்னா அந்த வட்டாரத்துலயே உயரமான பொருள் நீங்க தான். 2021 ஜூலை 11ஆம் தேதி ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டைக்கு பக்கத்துல இருக்குற காவல் கோபுரத்துல மின்னல் விழுந்து 11 பேர் செத்தாங்க, மழைய பாக்கவும் செல்ஃபி எடுக்கவும் மேல ஏறுனவங்க அதுல நெறைய பேர். அந்த மலையும் சின்ன மலை தான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்குப்படி 2019ல இருந்து 2022 வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் நம்ம நாட்டுல 2,800 பேருக்கு மேல மின்னல்ல செத்திருக்காங்க. அதுல பெரும்பாலானவங்க வயல்ல வேல பாக்குறவங்க, ஆடு மாடு மேய்க்கிறவங்க. அவங்களுக்கு அந்த நேரத்துல வெளிய நிக்க வேண்டிய கட்டாயம். நமக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லையே.

எந்த மாசம், எந்த நேரம் ரொம்ப மோசம்?

மார்ச் கடைசில ஆரம்பிச்சு மே வரைக்கும் கோடை மழை சீசன், இங்க மாங்காய் மழைன்னு சொல்றாங்களே அது. அப்புறம் செப்டம்பர் அக்டோபர்ல மறுபடி. நடுவுல ஜூன் ஜூலை ஆகஸ்ட்ல மேற்கு தொடர்ச்சி மலைல நாள் பூரா மழை கொட்டும், ஆனா இடி ஒப்பிட்டு பாத்தா கம்மி தான். அதனால மழை நெறைய பெய்யுற மாசம் தான் டேஞ்சர், கோடைல ஒண்ணும் இல்லன்னு நெனைக்கிறது அப்படியே தலைகீழ். ஏப்ரல் மே மாசம் காலைல சுள்ளுன்னு வெயில் அடிக்கும், தர சூடேறி சூடான ஈரக்காத்து மேல கெளம்பும், ரெண்டு மணிக்கு மேல மேகம் கட்டும், சாயங்காலம் அடிச்சு ஊத்தும். சில்க் போர்டுல ட்ராஃபிக்ல நின்னு நனஞ்ச எல்லாருக்கும் இந்த டைம் டேபிள் தெரியும், அதே டைம் டேபிள் தான் மலைக்கும்.

அதனால கோடைல நான் சொல்றது ஒண்ணு தான், விடியறப்போ அடிவாரத்துல இருங்க, பதினொரு மணிக்கு மேல உச்சில இருக்காதீங்க, ரெண்டு மணிக்குள்ள வண்டிகிட்ட வந்துடுங்க. ஒம்போது மணிக்கு பிரேக்ஃபாஸ்ட் முடிச்சு நைஸ் ரோட்ல கெளம்பி பன்னெண்டு மணிக்கு ஏற ஆரம்பிக்கிற ப்ளான் மே மாசத்துக்கு ஆகாது. சன்செட் பாக்கணும்னு ஆசையா, டிசம்பர் ஜனவரில போங்க, அப்போ வானமும் தெளிவா இருக்கும்.

மேகத்த பாத்து முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். காலைல பஞ்சு பஞ்சா சின்னதா இருக்குற மேகம் பிரச்சனை இல்ல. அது பத்து பத்தரைக்கே காலிஃப்ளவர் மாதிரி மேல மேல குமிஞ்சு வளர ஆரம்பிச்சா, அதாவது அகலத்த விட உயரம் ஜாஸ்தி ஆச்சுன்னா, அன்னைக்கு சாயங்காலம் கச்சேரி இருக்குன்னு அர்த்தம். அந்த உச்சி ஒரு கட்டத்துல தட்டையா பக்கவாட்டுல விரியும், அடிப்பாகம் கறுத்து நீலம் பாயும், அந்நேரம் நீங்க எறங்கிட்டு இருக்கணும். திடீர்னு குளுகுளுன்னு ஒரு காத்து வரும், வெயில்ல வேர்த்துட்டு இருந்த ஒடம்புக்கு அவ்ளோ சுகமா இருக்கும், எல்லாரும் ஆஹான்னு கைய விரிச்சு நிப்பாங்க. அது பக்கத்துல பெய்ய ஆரம்பிச்ச மழைல இருந்து கீழ எறங்கி அடிக்கிற காத்து. போட்டோ எடுக்குற நேரம் அது கெடையாது.

மின்னல் வெட்டுனதும் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுறாங்களே, அது சரியா வருமா?

சரியா வரும். வெளிச்சம் உடனே வந்துடும், சத்தம் ஒரு கிலோமீட்டர் வர சுமாரா மூணு செகண்ட் எடுக்கும். வெட்டுனதுல இருந்து இடி கேக்குற வரைக்கும் எண்ணி மூணால வகுத்தா தூரம். 30 செகண்டுன்னா 10 கிலோமீட்டர், அதுக்குள்ள வந்துடுச்சுன்னா நீங்க ஏற்கனவே அது அடிக்கக்கூடிய வட்டத்துக்குள்ள இருக்கீங்க. ஆனா இங்க நெறைய பேர் பண்றது என்னன்னா எண்ணி பாத்துட்டு, இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்கு மச்சி டைம் இருக்குன்னு உக்காந்துடுறாங்க. புயல் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல நகந்தாலே 10 கிலோமீட்டர் இருபது நிமிஷம் தான். சாவன்துர்கா உச்சில இருந்து எறங்க இருபது நிமிஷமா ஆகும்? ஒரு மணி நேரத்துக்கு கம்மியா யாரும் எறங்கி நான் பாக்கல, பாறை ஈரமாச்சுன்னா இன்னும் மேல. அதனால எண்ணுறது தெரிஞ்சு வெச்சுக்கோங்க, ஆனா முடிவு எடுக்க அது வேணாம். இடி காதுல விழுந்தா எறங்கணும், அவ்ளோ தான்.

தலைக்கு மேல வானம் நீலமா இருக்கு, ஒரு சொட்டு மழை இல்ல. அப்போவும் விழுமா?

விழும். மேகத்தோட பக்கவாட்டுல கெளம்பி 15 கிலோமீட்டர், சில நேரம் அதுக்கு மேலயும் தள்ளி வந்து தரைல எறங்குற மின்னல் உண்டு. மழை வந்தா பாத்துக்கலாம்னு காத்திருக்கிறவங்க இதுல தான் மாட்டுறாங்க. மழை நின்ன உடனே ஆபத்து முடிஞ்சுதுன்னு வெளிய வர்றதும் இதே கணக்கு தான்.

நேரா தலைல விழுந்தா தான சாவு? அதுக்கு சான்ஸ் ரொம்ப கம்மி இல்லையா?

இந்த ஒரு கேள்விக்கு கொஞ்சம் பொறுமையா பதில் படிங்க, ஏன்னா மத்த பதில் எல்லாம் இது புரிஞ்சா தானா புரியும். நேரா ஒடம்பு மேல விழுறது நெஜமாவே கம்மி தான். ஆனா மின்னல் ஆள அடிக்கிறதுக்கு வேற வழி நெறைய இருக்கு. பக்கத்துல ஒரு மரத்துலயோ தூண்லயோ எறங்கி அங்க இருந்து ஒங்க மேல தாவலாம். கம்பி, சங்கிலி, ஈர ரோப் எதையாவது புடிச்சிருந்தா அது வழியா வரலாம். மேல இருந்து மின்னல் எறங்குறப்போ தரைல எடுப்பா நிக்கிற ஒவ்வொண்ணுல இருந்தும் ஒரு சின்ன மின்பொறி மேல கெளம்பும், அது மேகத்துல இருந்து வர்றதோட சேரலன்னாலும் அது கெளம்புன ஆளுக்கு அடி தான். எல்லாத்த விடவும் அதிகமா ஆளக் கொல்றது தரை வழியா வர்ற கரன்ட். விழுந்த எடத்துல இருந்து தரைல எல்லா பக்கமும் பரவும், ஒங்க ரெண்டு காலுக்கு நடுவுல தூரம் இருந்தா ஒரு கால் வழியா ஏறி இன்னொரு கால் வழியா எறங்கும். நாலு கால் பிராணிக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல இதயம் இருக்கு, அதனால அதுங்களுக்கு இன்னும் மோசம். 2016 ஆகஸ்ட்ல நார்வே நாட்டுல ஹர்டங்கர்வித்தா மேட்டுல ஒரே புயல்ல 323 ரெயின்டீர் கூட்டமா நின்ன எடத்துலயே செத்துக் கெடந்துச்சு. ஒவ்வொண்ணு தலைலயும் தனித்தனியா மின்னல் விழல, தரை தான் கொன்னுது.

நம்ம பக்கம் பாறை எல்லாம் கிரானைட். அது உள்ள கரன்ட் சுலபமா எறங்காது, அதனால மேல்பரப்புலயே, அதுவும் ஈரமா இருக்குற எடம் வழியா ரொம்ப தூரம் ஓடும். சாவன்துர்கால மேல இருந்து கீழ வரைக்கும் கறுப்பு கறுப்பா கோடு கோடா இறங்கியிருக்கும் பாத்திருப்பீங்க, மழைத்தண்ணி வழிஞ்சு வழிஞ்சு பாசி படிஞ்ச தடம் அது. மழை பெய்ய ஆரம்பிச்ச முதல் அஞ்சு நிமிஷத்துலயே அதுல தண்ணி ஓட ஆரம்பிச்சிடும். அந்தத் தடத்துல உக்காராதீங்க, அத ஒட்டி நிக்காதீங்க, தாண்டணும்னா சீக்கிரம் தாண்டிடுங்க. வழுக்குறதுக்காகவும் தான்.

உச்சில மண்டபம் இருக்கு, கோவில் இருக்கு, பாறை இடுக்கு இருக்கு. ஒதுங்கலாமா?

சாவன்துர்கா உச்சில நந்தி இருக்குற அந்தச் சின்ன மண்டபத்துக்குள்ள மே மாசம் மழைல ஒரு கும்பல் நெருக்கியடிச்சு நிக்கிறத நான் கண்ணால பாத்திருக்கேன், ஒரு பையன் தூணுல சாஞ்சிட்டு லெமன் ரைஸ் டப்பாவ தொறந்துட்டு இருந்தான், இடி நல்லா பக்கத்துல கேக்குது. நாங்க பாதி வழில எறங்கிட்டு இருந்தோம், கத்திக் கூப்பிட்டும் அவங்களுக்கு கேக்கல. அன்னைக்கு ஒண்ணும் ஆகல, நல்லபடியா எறங்கிட்டாங்க. ஆனா நாலு பக்கமும் தொறந்து, மலையோட உச்சந்தலைல இருக்குற ஒரு கல் மண்டபம் மழைக்கு தான் கொடை புடிக்கும். மின்னலுக்கு அது ஒரு இலக்கு, தூண்ல எறங்குனா சாஞ்சு நிக்கிறவன் மேல தான் தாவும். குமார பர்வதா போற வழில இருக்குற கல் மண்டபமும் அப்படித்தான், ஸ்கந்தகிரி மேல இருக்குற இடிஞ்ச சுவரும் அப்படித்தான்.

பாறை இடுக்கு இன்னும் ஏமாத்தும். மேல பாறை நீட்டிட்டு இருக்கும், கீழ ரெண்டு அடி எடம், பாக்க பாதுகாப்பா தெரியும். பாறை மேல வர்ற கரன்ட் அந்த விளிம்புல இருந்து கீழ தரைக்கு தாவுறப்போ நடுவுல ஒங்க ஒடம்பு இருக்கும். நல்லா ஆழமான, அகலமான குகைன்னா வாசல்ல இருந்து உள்ள தள்ளி, சுவத்துல சாயாம இருந்தா பரவால்ல, ஆனா நம்ம பக்கம் மலைல கெடைக்கிற இடுக்கு எதுவும் அந்த சைஸ் கெடையாது. வயரிங் பைப்பிங்கோட இருக்குற முழு கான்க்ரீட் கட்டடம் வேற விஷயம், நந்தி ஹில்ஸ்ல கெஸ்ட் ஹவுஸ் மாதிரி கட்டடங்க இருக்கு, அங்க தாராளமா உள்ள போங்க, ஜன்னல், குழாய், ஸ்விட்ச்போர்டு பக்கம் மட்டும் நிக்காதீங்க.

கைப்பிடி கம்பி, சங்கிலி இருக்குற மலைல?

2019 ஆகஸ்ட் 22ஆம் தேதி போலந்துல டாட்ரா மலைல கியேவொன்ட்னு ஒரு சிகரம், உச்சில பெரிய இரும்புச் சிலுவை, அங்க ஏறுறதுக்கு பாறைல சங்கிலி மாட்டியிருப்பாங்க. மின்னல் அங்க எறங்குனப்போ கரன்ட் சங்கிலி வழியா ஓடி, புடிச்சிட்டு இருந்தவங்கள எல்லாம் தூக்கி வீசிடுச்சு, அந்த மலைல மட்டும் நாலு பேர் எறந்தாங்க, 150 பேருக்கு மேல காயம். காலைல வானம் நல்லா இருந்த நாள் அது.

இத படிச்சதும் எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது பர்வதமலை தான். கடப்பாறை அடிச்சு சங்கிலி கோத்த அந்த ஏத்தத்துல பௌர்ணமி அன்னைக்கு எவ்ளோ கூட்டம் நிக்கும்னு போனவங்களுக்கு தெரியும், முன்னாடி ஆளு பின்னாடி ஆளு, நகரவே வழி இருக்காது. சிவகங்கேல மேல போற செங்குத்துப் படிக்கும் இரும்பு ரெய்லிங் தான். தெய்வத்த பாக்கப் போறோம், பாதில திரும்பக் கூடாதுன்னு மனசு சொல்லும், எனக்கும் சொல்லும். ஆனா இடி கேட்டா அந்த கம்பிப் பகுதிக்குள்ள நுழையாதீங்க, ஏற்கனவே அதுல இருந்தா வேகமா தாண்டி வெளிய வாங்க, கம்பிய புடிக்காம செங்குத்துல நின்னு வழுக்கி விழுறத விட புடிச்சு சீக்கிரம் எறங்குறது மேல். மலைல ரெண்டு ஆபத்துல எது பெருசுன்னு பாத்து தான் முடிவு பண்ணணும், ரூல் மட்டும் காப்பாத்தாது.

போன், ட்ரெக்கிங் போல், ஸ்டீல் பாட்டில் எல்லாம் தூக்கி வீசிடணுமா?

போன் மின்னல இழுக்காது. உண்மைல இரும்பு எதுவுமே பெருசா இழுக்குறதில்ல, மின்னல் கடைசி சில பத்து மீட்டர்ல தான் எங்க எறங்குறதுன்னு முடிவாகும், அப்போ உயரமும் தனிமையும் தான் முக்கியம், ஒங்க பாக்கெட்ல இருக்குற சாவிய அது பாக்காது. ஆனா பைக்கு வெளிய தலைக்கு மேல நீட்டிட்டு இருக்குற ட்ரெக்கிங் போல், ட்ரைபாட் இதெல்லாம் உங்க உயரத்த கூட்டுது, அத மடக்குங்க. கொடைய விரிக்கவே விரிக்காதீங்க. போன ஆஃப் பண்ணாதீங்க, ஏதாவது ஆச்சுன்னா கூப்பிட அது தான் இருக்கு.

ரப்பர் ஷூ போட்டிருந்தா?

பிரயோஜனம் இல்ல. கிலோமீட்டர் கணக்குல காத்தையே கிழிச்சிட்டு வர்றதுக்கு அரை இஞ்ச் ரப்பர் ஒரு பொருட்டே கெடையாது.

எறங்கவே முடியல, நடுவுல மாட்டிக்கிட்டோம். இப்போ என்ன?

மொதல்ல உச்சி, விளிம்பு, மேட்டுல இருந்து எவ்ளோ முடியுமோ அவ்ளோ கீழ எறங்குங்க, அம்பது மீட்டர் எறங்குனாலும் வித்தியாசம் இருக்கு. குமார பர்வதால சேஷ பர்வதாவுக்கு ஏறுற அந்தப் புல்வெளி மேட்டுல எல்லாம் நின்னு யோசிக்க கூடாது, காட்டுக்குள்ள எறங்கிடுங்க. காடுன்னா ஒரே உயரத்துல அடர்த்தியா இருக்குற மரக்கூட்டம், அதுலயும் எடுப்பான மரத்த விட்டு, எந்த மரத்தோட அடியையும் தொடாம. தனியா ஒத்த மரம் நின்னா அது பக்கமே வேணாம், மின்னல் எறங்குனா மரத்துக்குள்ள இருக்குற ஈரம் ஆவியாகி பட்டையே வெடிச்சு தெறிக்கும்.

அடுத்தது, கூட்டமா நிக்காதீங்க. பயத்துல எல்லாரும் ஒட்டிக்கிட்டு தான் நிப்போம், அது மனுஷ சுபாவம், ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் பதினஞ்சு இருவது மீட்டர் தள்ளி, கண்ணுக்கு தெரியுற தூரத்துல இருங்க. எல்லாருக்கும் ஒரே நேரத்துல அடி விழுந்தா யாரு யார காப்பாத்துறது?

அப்புறம் அந்தக் குத்தவெச்சு உக்கார்ற விஷயம். காலு ரெண்டையும் ஒட்டி வெச்சு, முன்பாதத்துல குந்தி, தலைய குனிஞ்சு, காதப் பொத்தி, கீழ பேக் இல்லன்னா ரோப் சுருள் போட்டு அது மேல. கால ஒட்டி வைக்கிறது எதுக்குன்னு மேல தரை கரன்ட் பத்தி சொன்னதுல இருந்தே புரியும். ஆனா இது பாதுகாப்பு கெடையாது, அமெரிக்க வானிலைத் துறையே 2008ல இருந்து இத பரிந்துரைக்கிறத நிறுத்திட்டாங்க, ஏன்னா ஜனங்க இத நம்பி எறங்காம உக்காந்துட்டு இருந்தாங்க. நகர வழியே இல்லாத கடைசி கட்டத்துக்கு மட்டும் இது. கைய ஊனாதீங்க, படுக்கவே படுக்காதீங்க, படுத்தா தரையத் தொடுற நீளம் கூடும்.

முடி சிலிர்த்துக்கிச்சு, ஏதோ உய்யுன்னு சத்தம் கேக்குது. இதுக்கு என்ன அர்த்தம்?

ஒங்க எடத்துல இப்போவே எறங்கப் போகுதுன்னு அர்த்தம். கை முடி, தலை முடி நட்டுக்கிறது, தோல் ஊர்றது, கம்பியோ ட்ரெக்கிங் போலோ இரையிறது, இருட்டுல நீலமா ஒளி, எல்லாம் ஒண்ணு தான். அந்த எடத்த விட்டு கீழ்ப்பக்கம் நகருங்க, அந்த செகண்டே. முடி நட்டுக்கிட்டு சிரிச்சுட்டே போட்டோ எடுத்தவங்க பின்னாடி அடிபட்டது நெஜமா நடந்திருக்கு.

ராம்நகரா, சாவன்துர்கால ரோப் போட்டு க்ளைம்ப் பண்றப்போ வந்தா?

ஒரு பிட்ச் ரூட்னா, அதாவது ஒரே ரோப் நீளத்துல முடியுற ஏத்தம்னா பிரச்சனை இல்ல, மொதல்ல ஏறிட்டு இருக்குற லீடர எறக்குங்க, கியர் போனா போகட்டும், ஒரு கராபினர் கொக்கிய விட்டுட்டு வந்தா என்ன. மல்டி பிட்ச் தான் கஷ்டம். சாவன்துர்கா ஸ்லாப்ல, அதாவது சரிஞ்ச வெறும் பாறைல, நாலாவது அஞ்சாவது பிட்ச்ல இருக்குறப்போ பின்னாடி மேகம் எழும்புறது தெரியவே தெரியாது, மூஞ்சி பாறைய பாத்துட்டு இருக்கும், அதனால பெலே பண்றவரு, அதாவது ஏறுறவரோட ரோப்ப புடிச்சிட்டு இருக்குறவரு, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் (ரோப்ப பாறைல கட்டி நிக்கிற எடம்) திரும்பி வானத்த பாக்குறத வேலையாவே வெச்சுக்கணும். மேல முடிச்சிடலாமா ரோப் வழியா கீழ எறங்கலாமா, அதாவது ராப்பல் பண்ணலாமான்னு வந்தா, உச்சிக்கு போய் அங்க இருந்து நடந்து எறங்குற நேரத்தையும் சேத்து கணக்கு போடுங்க, பெரும்பாலும் ராப்பல் தான் ஜெயிக்கும். ஈர ரோப் கரன்ட் கடத்தும் தான், ஆனாலும் சீக்கிரம் எறங்குறது தான் நல்லது.

ராப்பல்ல ப்ரூசிக் பேக்கப் இல்லாம எறங்காதீங்க, பாரம் விழுந்தா ரோப்ப தானா இறுக்கிப் புடிக்கிற முடிச்சு அது. பக்கத்துல எங்கயோ விழுந்த மின்னல்ல கை ஒரு நிமிஷம் மரத்துப் போனாலும் ப்ரூசிக் புடிச்சிக்கும், இல்லன்னா மின்னல் கொல்லாதத விழுறது கொன்னுடும். எதுவும் முடியாம ஸ்டேஷன்லயே காத்திருக்கணும்னா ஆங்கர்ல இருந்து கழட்டவே கழட்டாதீங்க, இரும்பு பயத்துல ஹார்னெஸ கழட்டுனேன்னு எல்லாம் வேணாம். இரும்பு சாமான் தொங்குற கியர் ராக்க மட்டும் ஒடம்ப விட்டு தள்ளி மாட்டுங்க, ரோப் சுருள் மேல குந்துங்க, முதுக பாறைல சாய்க்காதீங்க, தண்ணி வழியுற விரிசலுக்கு நேர் கீழ இருக்காதீங்க.

டென்ட்டுக்குள்ள இருந்தா?

துணி தான அது, உள்ள ஒரு கம்பி வேற. மேட்டுல, மலை முகட்டுல, தனி மரத்தடில டென்ட் போடாதீங்க, பள்ளத்துல போடுங்க, ஆனா ஓடை வர்ற எடமா பாத்து தள்ளி. இடி பக்கத்துல வந்தா ராத்திரியா இருந்தாலும் வண்டி பக்கத்துல இருக்குன்னா வண்டிக்கு போயிடுங்க.

காரு பைக்கு?

மேல மெட்டல் கூரை இருக்குற காரு, கண்ணாடி ஏத்தி, கதவ மூடி, உள்ள மெட்டல் பாகத்த தொடாம இருந்தா ரொம்ப நல்ல எடம். காப்பாத்துறது டயர் ரப்பர் கெடையாது, வெளிய சுத்தி இருக்குற மெட்டல் கூடு தான் கரன்ட தரைக்கு அனுப்புது. பைக்குக்கு அந்தக் கூடே இல்ல, அதனால நம்ம பசங்க நெறைய பேர் மழைல ரெயின்கோட் போட்டுட்டு கனகபுரா ரோட்ல ஓட்டிட்டு வர்றது எனக்கு எப்போவும் பயம். நல்ல ஒரு கட்டடத்துல ஓரங்கட்டி உள்ள போய் ஒக்காருங்க, டீக்கடை தகர ஷெட்ட விட ஒரு தர்ஷினி ஹோட்டல் மேல்.

மின்னல் அடிச்சவங்கள தொடலாமா?

தொடணும். ஒடம்புல கரன்ட் மிச்சம் இருக்காது, தொட்டா நமக்கு அடிக்காது. இந்த ஒரு தப்பான நம்பிக்கையால போன உயிர் நெறைய. சில ஊர்ல அடிபட்டவங்கள சாணியிலயும் மண்ணுலயும் புதைச்சா கரன்ட் எறங்கிடும்னு செய்றாங்க, அந்த நேரத்துல அவங்களுக்கு வேண்டியது மூச்சு.

நாலஞ்சு பேருக்கு ஒரே நேரத்துல அடி விழுந்தா, கத்துறவங்கள, முனகுறவங்கள அப்புறம் பாத்துக்கலாம், அவங்க மூச்சு விடுறாங்க. அசைவில்லாம, செத்த மாதிரி கெடக்குறவங்ககிட்ட மொதல்ல ஓடுங்க. வேற விபத்துல இத யாரும் சொல்ல மாட்டாங்க, மின்னலுக்கு மட்டும் இது தனி. ஏன்னா அடி பட்டதும் இதயம் நின்னாலும் பல நேரம் தானா திரும்ப ஓட ஆரம்பிக்கும், ஆனா மூச்ச நடத்துற மூளைப் பகுதி எழுந்திரிக்க இன்னும் நேரம் ஆகும், அந்த இடைவெளில மூச்சு இல்லாம இதயம் மறுபடி நின்னுடும். அந்த இடைவெளிய நீங்க சிபிஆரால, அதாவது நெஞ்ச அழுத்தி வாய் வழியா மூச்சு குடுத்து, அடைச்சா ஆளு பொழைக்க நல்ல வாய்ப்பு. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு அஞ்சு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்க, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120, முப்பது அழுத்தத்துக்கு ரெண்டு மூச்சு. மின்னல் கேஸ்ல அந்த ரெண்டு மூச்சு ரொம்ப முக்கியம், விட்டுடாதீங்க. ஒருத்தர் அழுத்த இன்னொருத்தர் 112 இல்லன்னா 108க்கு போடுங்க. புயல் இன்னும் தலைக்கு மேல இருந்தா ஆள தூக்கி பள்ளமா ஒரு எடத்துக்கு மாத்திட்டு செய்ங்க.

அமெரிக்கால எடுத்த கணக்குப்படி மின்னல் அடிச்சவங்கள்ல சுமாரா பத்துல ஒருத்தர் தான் சாகுறாங்க. மத்தவங்களுக்கு காது ஜவ்வு கிழியலாம், கால் நீலமாகி ஜில்லுன்னு மரத்து அசையாம போய் சில மணி நேரத்துல திரும்பலாம், தோல்ல கிளை கிளையா செவப்பு கோடு வந்து தானா மறையலாம். ஞாபக மறதி, தூக்கம் கெடுறது, நரம்பு வலி எல்லாம் மாசக்கணக்குல இருக்கலாம். அதனால எழுந்து நடந்துட்டான், நல்லா இருக்கான்னு வீட்டுக்கு அனுப்பாதீங்க, ஆஸ்பத்திரில ஈசிஜி எடுத்து பாத்தே ஆகணும்.

எங்க பாட்டி இடி இடிச்சா அர்ஜுனா அர்ஜுனான்னு சொல்லச் சொல்லுவாங்க. சொல்லலாமா?

தாராளமா சொல்லுங்க, எங்க வீட்லயும் அது தான் பழக்கம், பயத்துல கை கால் ஒதறாம இருக்க அது உதவும். சொல்லிக்கிட்டே எறங்குங்க. அதே பாட்டி இடி இடிக்கிறப்போ வாசல்ல நிக்காத, மரத்தடில நிக்காத, உள்ள வான்னும் சொல்லியிருப்பாங்க, அதையும் சேத்து கேளுங்க.

ஒரு தடவ விழுந்த எடத்துல மறுபடி விழாதாமே?

விழும். நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துல வருஷத்துக்கு இருவது தடவைக்கு மேல விழுது. ராய் சல்லிவன்னு அமெரிக்கால ஒரு வனக்காவலர், 1942ல இருந்து 1977க்குள்ள ஏழு தடவ அடி வாங்கி பொழச்சவர்.

எந்த ஆப் பாக்குறது?

புனேல இருக்குற ஐஐடிஎம், அதாவது இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் பண்ண தாமினி ஆப் எல்லாரும் போட்டு வைங்க, நீங்க இருக்குற எடத்துல இருந்து 20, 40 கிலோமீட்டர் சுத்துல மின்னல் இருக்கான்னு காட்டும். கர்நாடகாக்கு சிடிலு ஆப் இருக்கு. கெளம்புற அன்னைக்கு காலைல வானிலைத் துறையோட மாவட்ட எச்சரிக்கைல இடி மின்னல்னு மஞ்சளோ ஆரஞ்சோ போட்டிருக்கான்னு பாருங்க, போட்டிருந்தா ப்ளான மாத்துங்க. ஆனா மலைக்கு பின்னாடி சிக்னல் போயிடும், அப்புறம் ஒங்க கண்ணும் காதும் தான் ஆப்.

க்ரூப்ல எல்லாரும் இன்னும் பத்து நிமிஷம் தான் போலாம்னு சொல்றாங்க, நான் மட்டும் எப்படி திரும்புறது?

நெஜமா கஷ்டமான கேள்வி இது தான், மின்னல விட இது தான் ஆள மேல இழுத்துட்டு போகுது. காசு கட்டியாச்சு, ஆன்லைன்ல பர்மிட் எடுத்தாச்சு, ஓசூர்ல இருந்து நாலு மணிக்கு எழுந்து வந்திருக்காங்க, உச்சி கண்ணுக்கு தெரியுது. அந்த நேரத்துல யாருக்கும் வேணாம்னு சொல்ல வாய் வராது, பயந்தாங்கொள்ளின்னு நெனைப்பாங்களோன்னு இருக்கும். அதனால முடிவ அடிவாரத்துலயே எடுங்க. எத்தன மணிக்கு எங்க இருந்தாலும் திரும்புறோம்னு கெளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்க சொல்லுங்க, மொத இடி யார் காதுல விழுந்தாலும் அவங்க சொன்னா எல்லாரும் எறங்குறதுன்னு ஒத்துக்கோங்க, அது புதுசா வந்த பொண்ணா இருந்தாலும் சரி. அப்போ மேல போய் சண்டை போட எதுவும் இருக்காது. நீங்க லீட் பண்றவரா இருந்தா, யாராவது திரும்பலாமான்னு தயங்கி தயங்கி கேட்டா அவங்கள கிண்டல் பண்ண விடாதீங்க, ஒரு தடவ கிண்டல் பண்ணா அந்த ஆளு அடுத்த தடவ வாயே தொறக்க மாட்டாரு.

இமயமலை ட்ரெக் போறோம், அங்கயும் இதே தானா?

கணக்கு அதே தான், மன்னிப்பு தான் கம்மி. மே ஜூன்ல உத்தராகண்ட், ஹிமாச்சல் பக்கம் மத்தியானம் ஆனா மேகம் ஏறிடும், அதனால தான் கைடு ராத்திரி ரெண்டு மூணு மணிக்கே எழுப்பி சம்மிட்டுக்கு கூட்டிட்டு போறாரு. மரக்கோட்டுக்கு மேல, அதாவது மரம் வளராத உயரத்துல, ஒதுங்க ஒண்ணுமே கெடையாது, எறங்குற தூரமும் மணிக்கணக்கு. அவரு திரும்புன்னு சொன்ன நேரத்துல பேரம் பேசாதீங்க.

கீழ வந்துட்டோம், மழையும் விட்டுடுச்சு. எப்போ மறுபடி ஏறலாம்?

கடைசியா கேட்ட இடில இருந்து முப்பது நிமிஷம். நடுவுல இன்னொரு தடவ தூரமா கேட்டாலும் கடிகாரத்த மறுபடி சைபர்ல இருந்து ஆரம்பிங்க. அதுக்குள்ள மணி மூணு தாண்டிடுச்சுன்னா அன்னைக்கு ஏறாதீங்க, பாறை எல்லாம் ஈரம், அடுத்த மேகம் பின்னாடியே வரும். மாகடில நல்ல தட்டே இட்லி கெடைக்கும், சாப்ட்டு வீட்டுக்கு போயிட்டு அடுத்த வாரம் இன்னும் ரெண்டு மணி நேரம் முன்னாடி கெளம்புங்க.